ஒரு சொட்டு ஒழுகாத எஞ்சின்

தம்பி, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், ஒரு விடுகதை போடட்டுமா? ஒற்றை அறை வீடு. அதற்கு இரண்டு கதவு. உள்ளே ஒரே ஒரு ஆள், மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பான். ஒரு கதவு திறந்தால் அவனுக்குச் சாப்பாடு வரும். இன்னொரு கதவு திறந்தால் புகை வெளியே போகும். இரண்டு கதவும் சாத்தியிருக்கும்போது வீட்டுக்குள் தீப்பிடிக்கும். தீப்பிடித்தால்தான் அவன் வேலையே செய்வான். அது என்ன?

அடுப்பு இல்லை. செங்கல் சூளையும் இல்லை, சூளைக்குள் யார் நடப்பார்கள்? லேத் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் வரவில்லை என்றால் எப்படி? எஞ்சின், தம்பி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அந்த ஆள்தான் பிஸ்டன். கதவு இரண்டும் வால்வு. அவனுக்குக் கால் மாதிரி ஒன்று உண்டு, கிராங்க். அதுதான் இப்போது உள்ளே பிரஸ்ஸில் மாட்டியிருக்கிறது. என்னுடையது. என்னுடையது என்றால், என் அண்ணனுடைய புல்லட்.

விடுகதை நான் போட்டதில்லை. அண்ணன் மகள் தனுஜா போட்டது. ஆறாவது முடித்திருக்கிறாள். வகுப்பில் இதைப் போட்டு, டீச்சருக்கே பதில் தெரியவில்லையாம். கெட்டிக்காரி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வண்டியைப் பற்றி இல்லை. வண்டியைப் பற்றியும்தான்.

அண்ணன் ராசாங்கம் போன வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தினமும் இந்த வண்டியில்தான் மலை ஏறி இறங்குவார். போடியில் ஒரே காம்பவுண்டுக்குள் முன் வீட்டில் அவர்கள், பின் வீட்டில் நானும் என் மனைவி பஞ்சவர்ணமும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தனு சாப்பிடுவது பாதி நாள் எங்கள் வீட்டில்தான். தூங்குவதற்கு மட்டும் முன் வீட்டுக்குப் போவாள்.

அண்ணன் போன பிறகு மதினிக்கு இங்கே வருமானம் இல்லை. அவருடைய தம்பி காசிமாயன் திருப்பூரில் இருக்கிறார். பனியன் கம்பெனியில் அக்காவுக்குச் செக்கிங் வேலை பேசி முடித்துவிட்டார். மதினி போவது முடிவாகிவிட்டது. பிள்ளை போவதா, இங்கே எங்களோடு இருந்து படிப்பதா என்பதுதான் பேச்சு. நான் இருக்கட்டும் என்றேன். காசிமாயன் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். மதினி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். “தனுவையே கேப்போம். பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடி அவ எங்க இருக்கேன்னு சொல்றாளோ, அங்க இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? காசிமாயன் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு முன்னால் வரப்போவதும் அவர்தான். சித்தப்பனுக்கு என்ன இருக்கிறது? பந்தி பார்க்கலாம், பந்தல்காரனிடம் சண்டை போடலாம். வரும்போதெல்லாம் அவர் திருப்பூரிலிருந்து பிள்ளைக்கு உடுப்பு கொண்டுவருவார். கம்பெனி உடுப்பு, கண்ணைப் பறிக்கும். என் கையில் இருந்தது அண்ணன் வண்டி ஒன்றுதான்.

அந்த வண்டியின் கதையைக் கேளுங்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கிய வாரம்தான் எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக். பெயர் வேண்டாம். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார், போனவர் திரும்பவில்லை. அந்த மெக்கானிக்குக் கடையில் இடம் அடைகிறது என்று ஏதோ கைக்கு வந்தபடி மாட்டி, வண்டியைக் கொண்டுவந்து காம்பவுண்டுக்குள் விட்டுப் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குள்ளேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

மாட்டிய லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே மூடியில் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு நீளம். மரை போன போல்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தான். டைமிங் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது. கிக்கரை மிதித்தால் அது நம்மைத் திருப்பி மிதிக்கும். எண்ணெய் ஒழுகாமல் மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங் என்று என்ன வெட்டிப் போட்டிருந்தான் தெரியுமா? கல்யாணப் பத்திரிகை. பிரித்தபோது பெண்ணின் பெயரும் மண்டபத்தின் பெயரும் எண்ணெயில் ஊறி அப்படியே இருந்தது. இடுக்கை அடைக்கிற பேஸ்ட் என்று ஒரு துளி கிடையாது. எங்கேயும் கிடையாது. பட்டையாக அட்டையை வெட்டி வைத்து, போல்ட்டை முறுக்கிவிட்டான். அவ்வளவுதான் அவன் வேலை.

ஓடியதா என்றா கேட்கிறீர்கள்? ஓடியது. ஓடாமல் என்ன? வெடிக்கும், உதறும், நின்ற இடத்தில் எண்ணெய்க் குளம் கட்டும், ஆனால் ஓடியது. நானே ஓட்டினேன். விதவை பென்ஷன் விஷயமாக மதினியைத் தாலுகா ஆபீசுக்கு அதில்தான் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். ஆனால் தம்பி, வாசலில் அந்த எண்ணெய்க் கறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. நான் பைப் வேலைக்காரன். போடியில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்டது நான். என் ஜாயிண்டில் ஒரு சொட்டு ஒழுகாது. நூலைச் சுற்றி, அதற்கு மேல் பேஸ்ட் தடவி, முறுக்கி, மறுபடி மேலே ஒரு பூச்சு. வருஷக் கணக்காக ஒழுகாது. பிற்பாடு கழற்றவும் முடியாது என்று இளசுகள் கேலி செய்வார்கள். கழற்ற எதற்கு? ஒழுங்காகப் போட்டதை எதற்குக் கழற்ற வேண்டும்?

சரி, லீவு விட்டதும் எஞ்சினை இறக்கினேன். மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். போல்ட்டுகளைப் பிரித்து வைக்க இடம் வேண்டுமே. பஞ்சவர்ணத்தின் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு அளவு. அவள் வாசலில் நின்று, “ராத்திரிக்கு நட்டு இட்லியா, போல்ட்டு இட்லியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் தோசைதான்.

தனு அந்தப் பக்கமே சுற்றுவாள். பாவாடை தரையில் புரளக் குத்துக்காலிட்டு உட்காருவாள். பல்சக்கரத்தில் புள்ளி இருக்கும், அந்தப் புள்ளியும் இந்தப் புள்ளியும் நேருக்கு நேர் வர வேண்டும். அவள் அதை எடுத்துத் துடைத்துப் புள்ளி தேடுவாள். நான் வாங்கி வைத்துவிடுவேன். பிள்ளை கையெல்லாம் கிரீஸ் ஆனால் மதினி என்ன நினைப்பார்? அதோடு, அப்பன் வண்டி இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று எனக்கு. முழுசாக ஓடும்போது பார்த்தால் போதும். “போம்மா, பெரியவங்க வேலை இது. முடிஞ்சதும் சித்தப்பா கூப்பிடுறேன்” என்பேன். போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்துப் படிக்கட்டின் மேலிருந்து தலை எட்டிப் பார்க்கும். அங்கிருந்தும் விரட்டுவேன். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன், தம்பி. அவளுக்காக இல்லாமல் வேறு யாருக்காக?

நான் வேலையை அவசரப்படுத்தவில்லை. ரிங் மாற்றினேன். வால்வைத் தேய்த்து உட்கார வைத்தேன். பல்சக்கரத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்தேன். பேக்கிங் நல்ல கடைப் பேக்கிங். ஆனால் பேக்கிங்கை மட்டும் நம்பி நான் வேலை செய்கிறவன் இல்லை. இந்தப் பக்கம் பேஸ்ட், அந்தப் பக்கம் பேஸ்ட், மூடியை வைத்து முறுக்கினால் சுற்றிலும் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கி வந்தால்தான் உள்ளே எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்து மறுபடி ஓரத்தில் பூசினேன். குழாய் ஜாயிண்டுக்கு நூலும் சுற்றினேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. போடியில் எந்த மெக்கானிக்கும் அப்படி மூடியிருக்க மாட்டான்.

கிளப்பும் நாள் வந்தது. மதினி, பஞ்சவர்ணம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில். அண்ணன் இருந்தபோது ஒரு பழக்கம் உண்டு. டாங்குக்கு முன்னால் ஆம்பியர் மீட்டர் இருக்கும் இல்லையா, கிக்கரை மெதுவாக அழுத்தும்போது அதன் முள் ஆடி நடுவுக்கு வரும். வந்த பிறகு உதைத்தால் ஒரே உதையில் எடுக்கும். அந்த முள்ளைப் பார்த்துச் சொல்வது தனுவின் வேலை. “நடு” என்பாள், அண்ணன் உதைப்பார். அன்றைக்கும் வந்து முள்ளுக்கு நேராக நின்றாள். நான்தான், திருப்பி உதைத்தால் பிள்ளை மேல் படுமே என்று, நகர்ந்து அம்மா பக்கத்தில் நிற்கச் சொன்னேன். முள்ளை நானே பார்த்துக்கொண்டேன்.

நான்காவது ஐந்தாவது உதையில் எடுத்தது. அந்தச் சத்தம், தம்பி. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் மலையிலிருந்து வந்து நிற்கிற சத்தம் அச்சு அசலாக. குனிந்து கீழே பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

தனு என் பக்கத்தில் வந்து, மேலே சிலிண்டர் தலைக்கு ஏறுகிற சின்னக் குழாயைக் காட்டினாள். “சித்தப்பா, அப்பா எஞ்சின் வேலை பார்த்தா இந்தப் போல்ட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணுவாரு. விரல் வெச்சு எண்ணெய் வருதான்னு பாப்பாரு. அப்புறம்தான் மூடுவாரு” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். கோபமாக இல்லை, பாசமாகத்தான். மெனக்கெட்டு அடைத்த ஜாயிண்டை நானே கழற்றி ஒழுக விடுவேனா? “அப்பா காலத்துல ஒழுகுச்சு, அதான் பாத்தாரு. சித்தப்பா ஜாயிண்டு ஒழுகாதும்மா” என்றேன். சொன்னதைத் திருப்பிச் சொல்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதுவும் அப்பன் மாதிரியே.

பின்னால் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ரோட்டில் விட்டேன். அண்ணன் போன ரோட்டில் அவளைக் கொண்டுபோய்க் காட்டினால் திருப்பூராவது ஒன்றாவது என்று எனக்குள் ஒரு கணக்கு. முந்தல் செக்போஸ்ட் தாண்டும் வரை வண்டி தேர் மாதிரி போனது. மேலே ஏறத் தொடங்கி, கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அடியிலிருந்து ஒரு தட்டல். யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு சத்தமே இல்லை. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி ரோட்டில் இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றது. கிளட்சைப் பிடித்ததால் தப்பினோம். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, தெய்வம் இருக்கிறது.

எஞ்சினிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. இரும்பு தீய்கிற வாடை. தனு இறங்கிச் சுவரோரம் போய் நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மேலே தோட்டத்தில் சாமான் இறக்கிவிட்டுக் காலியாக வந்த ஒரு வேன்காரர் வண்டியைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்குகிற வழியெல்லாம் அவள் டிரைவரிடம் பேசிக்கொண்டே வந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எந்தக் கியரை எப்போது போடுகிறார் என்று கேட்டாளாம். தன் காலைப் பார்க்கச் சொல்லி, கிளட்சை மிதிப்பதைக் காட்டினாராம். டிரைவர் இறங்கும்போது என்னிடம் சொன்னார். “வெவரமான பிள்ளைங்க” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு எஞ்சினை மறுபடி இறக்கிப் பிரித்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கிடந்தது. பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கிற கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் இருக்கிற புஷ் நீலம் பாரித்துக் கருகிவிட்டது. எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பார்த்தவர் எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் எப்படி இல்லாமல் போகும்? நிரம்ப ஊற்றியிருந்தேன், நிரம்ப அப்படியே இருந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லையே.

இங்கே கொண்டுவந்து கொடுத்தபோது லேத்துக்காரர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் போகிற துவாரத்தில் கம்பியை விட்டு நோண்டினார். பட்டாணி அளவுக்கு ஒரு உருண்டை வந்து விழுந்தது. ரப்பர் மாதிரி, சாம்பல் நிறம். “எண்ணெய் வழியை அடைச்சுட்டு இருந்தது இதுதாண்ணே. பேஸ்ட்டு” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. பஸ் ஸ்டாண்டுக்காரன் வேலையைப் பார்த்தீர்களா? அவன் அடைத்துவிட்டுப் போனது என் தலையில் விடிந்திருக்கிறது. என் பேஸ்ட்டும் சாம்பல் நிறம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கடையில் விற்பதெல்லாம் சாம்பல் நிறம்தானே? லேத்துக்காரர் அந்த உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் அந்த மெக்கானிக் மேல் வருத்தம்போல.

இந்தத் தடவை விடப்போவதில்லை. பையில் பாருங்கள், பெரிய ட்யூப். சின்னது போதாது. எல்லா மூடிக்கும் இரண்டு பூச்சு. ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொன்று.

ஆனால் பாருங்கள், அதற்குள் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. காசிமாயன் வந்திறங்கினார். மலையில் நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். முன் வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தோம். எடுத்த எடுப்பில் அவர், “மாப்ள, ஊருக்கெல்லாம் தண்ணி நிப்பாட்டுறவரு நீங்க. எஞ்சினுக்கு எண்ணெயையும் நிப்பாட்டிட்டீங்களாமே” என்றார். பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். என் மனைவி, எனக்காகச் சிரிக்காமல் இருந்திருக்கலாம். மனிதன் நொந்து கிடக்கும்போது கேலி பேசுகிறவரிடம் என்ன பேசுவது?

நான் மதினியிடம்தான் பேசினேன். கிராங்க் லேத்தில் இருக்கிறது, வந்தவுடன் மாட்டிவிடுவேன், முன்னை விட நன்றாக ஓடும், அது வரைக்குமாவது கேள்வியைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். பிள்ளைக்கு இங்கே என்ன குறை? நான் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. தட்டைக்கூடக் கழுவ விடுவதில்லை. மழை என்றால் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்கிறேன். சைக்கிள் கேட்டாள், ரோட்டில் லாரி போகிறது என்று நான்தான் வாங்கவில்லை, நானே கொண்டுபோய் விடுகிறேன். இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்வான்? இதையெல்லாம் சொன்னேன். மதினி தலையைக் குனிந்துகொண்டார். காசிமாயன்கூட அடங்கிப் போனார்.

தனு கதவோரம் நின்றிருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள். மாமாவிடம் இல்லை, என்னிடம். “சித்தப்பா, கிராங்க் வந்ததும் மாட்டும்போது நானும் கூட உக்காந்து மாட்டட்டுமா?”

எவ்வளவு பாசம் பாருங்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினேன். “உனக்கு எதுக்கும்மா அந்த அழுக்கு? சித்தப்பா எல்லாம் முடிச்சு, துடைச்சு வெச்சுக் கூப்பிடுறேன். நீ வந்து ஏறி உக்காந்தா போதும்” என்றேன்.

என் கை அவள் தலைமேல் இருந்தது. மதினி கேட்டார், “சொல்லு தனு. இங்க இருக்கியா, வர்றியா?”

காசிமாயன் அவளைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கண்ணைக்கூடக் காட்டவில்லை. முன்னாடியே போனில் ஏதாவது சொல்லி வைத்திருப்பார், அது வேறு விஷயம். இல்லையென்றால் அந்தப் பிள்ளை அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவே இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா தம்பி?

என் கைக்கு அடியிலிருந்து நகர்ந்து போய், அம்மாவோடு திருப்பூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.